பெரியப்பா நலம்

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்,
கோலார் தங்கவயல்,
11-6-2000

அன்புள்ள சௌந்தரம் அத்தைக்குப் பரணியின் வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஸ்கெலட்டன் லைனில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நலம். கோயம்புத்தூரில் காற்று ஆரம்பித்துவிட்டதா? உங்கள் ஹாஸ்டல் அறையின் உடைந்த ஜன்னலை மாற்றினார்களா?

மே லீவில் நீங்கள் வந்தபோது சொன்னதை நான் மறக்கவில்லை. சுரங்கத்தை மூடிவிட்டால் தொழிலாளிகள் ஊர் ஊராகப் போய்விடுவார்கள், அதற்குள் அவர்களுடைய நெஞ்சு நோயை வீடு வீடாகப் போய் ஆராய வேண்டும், ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி உங்களுக்குச் சம்பளம் மட்டும்தான் தரும், ஆய்வுக்கு நிதி வெளியிலிருந்து வர வேண்டும், அதைத் தேட நேரமில்லை என்றீர்கள். நான் தேடுகிறேன் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் நிஜமாகவே தேடுகிறேன்.

ஃபேக்டரி நூலகத்தில் தாமோதரன் சார் பழைய ஆங்கிலப் பேப்பர்களை எடுத்துக் கொடுத்தார். "இன்னா பாப்பா, வேலைக்கு அப்ளிகேஷன் போடப் போறியா?" என்று கேட்டார்.

"இல்ல சார், ஆராய்ச்சிக்கு."

"ஒன்பதாங்கிளாஸ்லயேவா? நடத்து."

ஒரு நீள நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், யார் கேட்கலாம், கடைசித் தேதி. இதுவரை ஏழு அறிவிப்புகள். மூன்று டாக்டர்களுக்கு மட்டும். ஒன்று பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். ஒன்று முப்பத்தைந்து வயதுக்குள் என்கிறது. (உங்களுக்கு முப்பத்தெட்டு. மன்னியுங்கள், அடித்துவிட்டேன்.) மீதி இரண்டுதான் வேடிக்கை. ஒன்று, தொழிலால் வரும் நோய்கள் தங்கள் பிரிவில் வராது என்கிறது. இன்னொன்று தொழிலாளர் நலனுக்கானது. நோய்கள் தங்கள் பிரிவில் வராது என்கிறது. சுரங்கத்து ஆள் எந்தப் பிரிவில் வருவார், அத்தை?

பெரியப்பா உங்களை விசாரித்தார். அவர் யாரைத்தான் விசாரிப்பதில்லை? ரேஷன் கடையிலிருந்து மேட்டிலுள்ள லைன் வீட்டுக்குப் போக அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. நின்று நலம் கேட்காத வாசல் இல்லை. ஊரில் இவ்வளவு அன்பான மனிதரை நான் பார்த்ததில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுள்ள,
பரணி

*

கோயம்புத்தூர்,
24-6-2000

பரணிக் கண்ணுக்கு அத்தையின் ஆசிகள். நான் சுகம். ஜன்னல் அப்படியேதான் இருக்கிறது. காலண்டர் அட்டையை வைத்து அடைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே?

உன் நாலு கட்டத்தைப் படித்துவிட்டு எங்கள் டாக்டரிடம் காட்டினேன். இதை யார் செய்தது, எம்.எஸ்.டபிள்யூ. மாணவியா என்று கேட்டார். என் அண்ணன் மகள், முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே டீச்சர்களைக் களைக்க வைப்பவள் என்றேன்.

முப்பத்தெட்டு என்று எழுதியதற்கு மன்னிப்பு வேண்டாம். அந்த அறிவிப்பு எனக்குத்தான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

நீ கேட்ட கேள்வியை நான் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே பஞ்சாலை ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சீட்டு, ஒரு பெயர், ஒரு பதிவு இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. தாள் இல்லாத நோய்க்கு நாளைக்கு வைத்தியமும் கேட்க முடியாது, நஷ்ட ஈடும் கேட்க முடியாது.

பெரிய அண்ணன் எப்படி இருக்கிறார்? அவர் எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. நீதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
சௌந்தரம்

*

தங்கவயல்,
16-7-2000

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். அப்பாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. அம்மா சுகம். பெரியப்பா நலம்.

கிடைத்துவிட்டது, அத்தை.

ராபர்ட்சன்பேட்டையில் பிரௌசிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். அரை மணிக்கு இருபது ரூபாய். அப்பா ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தார். கடை நடத்தும் ரோஹித் அண்ணா, "ரிசல்ட்டா, ஹால் டிக்கெட்டா?" என்று கேட்டார். ஆய்வு நிதி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடித்துவிடலாம். கடைசி பத்து நிமிடத்தில் புனேயில் உள்ள ஓர் அறக்கட்டளை வந்தது. உழைப்பவர்களின் உடல்நலம் பற்றிய சிறு ஆய்வுகளுக்கு மட்டும் தருகிறார்கள். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. வயது வரம்பு இல்லை. நான் இரண்டு முறை படித்தேன். ரோஹித் அண்ணா மூன்றாம் முறை படித்தார்.

நிபந்தனை இரண்டு. அந்த ஊரிலேயே மூன்று வருஷமாக வேலை செய்யும் பதிவு பெற்ற சங்கம் ஒன்று கூட இருக்க வேண்டும். நாற்பது பேரிடமாவது முன்னோட்டமாக விசாரித்து முடிவை இணைக்க வேண்டும். கடைசித் தேதி நவம்பர் 30.

சங்கத்துக்கு ஸ்கெலட்டன் டிஸ்பென்சரி தெரசா சிஸ்டரைக் கேட்டேன். அவர் நடத்தும் பெண்கள் சங்கம் எட்டு வருஷத்துக்கு முன் கோலாரில் பதிவு செய்தது. சான்றிதழைத் தேடி எடுத்தார்; மாத்திரைப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. "சௌந்தரத்துக்குன்னா என் டிஸ்பென்சரியையே எழுதிக் கொடுப்பேன், சொல்லு" என்றார்.

உங்களைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பரணி

*

கோயம்புத்தூர்,
2-8-2000

பரணிக் கண்ணுக்கு, நான் சுகம். உன் கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். பத்து வருஷம் நான் தேடாத இடத்தில் நீ பத்து நிமிடத்தில் தேடியிருக்கிறாய். அறக்கட்டளைக்கு எழுதி விண்ணப்பத் தாளை வரவழைத்துவிட்டேன்.

கேள்வித் தாள் நாற்பது பிரதி இத்துடன் இருக்கிறது. சுரங்கத்தில் எத்தனை வருஷம், எந்த வேலை, இருமல் உண்டா, எத்தனை நாளாக, மூச்சு வாங்குகிறதா. பன்னிரண்டே கேள்விகள். தெரசா கேட்கட்டும், நீ எழுது. அவர்கள் சொல்வதை மட்டும் எழுது, கூட்டாதே, குறைக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெரிய அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் டிரில்லிங்கில் இருந்தவர் அந்த லைனில் வேறு யார்?

அன்புடன்,
சௌந்தரம்

*

தங்கவயல்,
10-9-2000

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். அப்பாவும் அம்மாவும் சுகம்.

போன ஞாயிறு விசாரித்து முடித்தோம். நாற்பது பேர். சுரங்கத்தில் சராசரி இருபத்தாறு வருஷம். இருமல் உண்டு என்றவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் மூச்சும் வாங்குகிறது என்றார். மற்ற எல்லாரும் இல்லை என்றார்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

பரணி

*

கோயம்புத்தூர்,
18-9-2000

பரணிக்கு, ஆசிகள். தாள்கள் வந்தன. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். நான் நினைத்தது தவறாக இருக்கலாம். நம் ஆட்கள் ஆரோக்கியமாக இருந்தால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? இருமாதவரை இருமுகிறார் என்று எழுதி நிதி கேட்க முடியாது. விண்ணப்பத்தை அனுப்பப் போவதில்லை. உன் உழைப்பு வீணாயிற்று என்று நினைக்காதே. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக எப்போதும் இருந்ததில்லை. பெரிய அண்ணன் எப்படி இருக்கிறார் என்றும் நீ எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

சௌந்தரம்

*

கோயம்புத்தூர்,
6-10-2000

பரணிக்கு, உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? பரீட்சையா? ஒரு கார்டு போதும். சுகம் என்று மட்டும் எழுது.

அத்தை

*

தங்கவயல்,
22-10-2000

அன்புள்ள அத்தைக்கு, நான் சுகம் என்று எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜூலை முதல் வாரம் பெரியப்பாவுடன் ரேஷன் கடைக்குப் போனேன். மண்ணெண்ணெய் கேனை அவர்தான் தூக்கினார். முதல் திருப்பத்தில் சின்னசாமி மாமா வீட்டு முன் நின்று, "இன்னாபா, பையன் லெட்டர் போட்டானா?" என்றார். அடுத்து ஏசுபாதம் அண்ணன் வாசல். அப்புறம் குழாயடி. அன்றைக்குக் குழாயடியில் யாரும் இல்லை. ஆனாலும் நின்றார். கேனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு கறுத்துவிட்டது. இருமி முடிக்க ரொம்ப நேரமாயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அத்தை. அவர் நலம் விசாரிப்பதற்காக நிற்கவில்லை. நிற்க வேண்டியிருப்பதால் விசாரிக்கிறார்.

"சௌந்தரத்துக்கு எழுதிடாத. மூடுறப்ப குடுக்குற செட்டில்மென்ட் பணம் வர்ற நேரம். காதுக்குக் காது போயி யாராவது அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா?" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் ஜூலைக் கடிதத்தில் 'பெரியப்பா நலம்' என்று எழுதினேன். செப்டம்பரில் அதை எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் முன்பே தெரசா சிஸ்டர் லைனில் சொல்லி வைத்திருந்தார், ஞாயிறு எல்லாரையும் விசாரிக்க வருவோம் என்று. அன்று காலை நாங்கள் போனபோது சந்து முழுக்க மிளகு வாசனை. மழைக்காலம், எல்லா வீட்டிலும் ரசம் என்று நினைத்தேன். ஒவ்வொருவரும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்கள். பெரியப்பாவும்தான். "இருமலா? எனக்கா?" என்று சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் 'இல்லை' என்று எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்குத் தூக்கமில்லை. போன வாரம் பெரியம்மாவிடம் போய் அந்த மிளகு எதற்கு என்று கேட்டேன். பார்வதம்மா பெரியம்மா அதிகம் பேசமாட்டார், உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொன்னார். "அது மெடிக்கல் கஷாயம். மிளகு, அதிமதுரம், பனை வெல்லம். மூணு நாளைக்கு பீடி கிடையாது. கம்பெனி டாக்டர் முன்னாடி நிக்கிற அஞ்சு நிமிஷம் இருமல் வராது. எங்க மாமியார் எனக்குச் சொல்லிக் குடுத்தது. நீங்க பேப்பர் பேனாவோட வர்றீங்கன்னா மெடிக்கல்தானே? எல்லார் வீட்லயும் வெச்சோம்."

அண்டர்கிரவுண்டில் வேலை செய்ய முடியாது என்று எழுதிவிட்டால் மேலே சர்ஃபேஸ் வேலைக்கு அனுப்பிவிடுவார்களாம், சம்பளப் படி குறையும். அதற்காக முப்பது வருஷமாக இந்தக் கஷாயம். நாம் நோயை விசாரிக்கப் போனோம். அவர்கள் பரீட்சை எழுதினார்கள். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பாஸ்.

நான் சத்தியத்தை மீறிவிட்டேன். பெரியப்பாவிடம் நானே சொல்லிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடப் போகிறேன். கடைசித் தேதிக்கு முப்பத்தொன்பது நாள் இருக்கிறது. எண்ணிவிட்டேன்.

பரணி

*

கோயம்புத்தூர்,
28-10-2000

என் பரணிக்கு,

பதினைந்து வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே அந்தக் கஷாயம் கொதித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். மழைக்கு என்றுதான் அம்மா சொன்னாள், நானும் கேட்டதில்லை. நீ போய்க் கேட்டாய்.

விண்ணப்பம் போகும். கேள்வித் தாளை மாற்றிவிட்டேன். பன்னிரண்டு கேள்விகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு வேலை. ரேஷன் கடையிலிருந்து வீடு வரை அவர்களுடன் கூட நடக்க வேண்டும். எங்கெங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று குறிக்க வேண்டும். ஆனால் ஒளிந்து எண்ணக் கூடாது. இது மெடிக்கல் இல்லை, இந்தத் தாள் கம்பெனிக்குப் போகாது, எதற்காக நடக்கிறோம் என்று தெரசா ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மறுப்பவரை விட்டுவிடுங்கள். மனைவிமார்களிடமும் கேளுங்கள்.

பெரிய அண்ணனுக்கு நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவில்லை.

அத்தை

*

தங்கவயல்,
16-1-2001

அன்புள்ள அத்தைக்குப் பொங்கல் வாழ்த்துகள். அப்பா, அம்மா சுகம். நீங்கள் அனுப்பிய சேலை அம்மாவுக்குப் பிடித்தது.

விண்ணப்பம் போய் ஏழு வாரம் ஆயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். நோட்டில் மேலும் நான்கு அறிவிப்புகள் எழுதி வைத்திருக்கிறேன். இது இல்லையென்றால் அது.

நவம்பரில் நடந்ததைப் பற்றி நான் சரியாக எழுதவில்லை. நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் கூட நடக்கச் சம்மதித்தார்கள். "நடக்கிறதுக்கு இன்னா, வாங்க" என்றார்கள். கேட்டால் மறைப்பார்கள், நடந்தால் மறைக்க முடியவில்லை. முப்பத்தொருவர் நின்றார்கள். சகாயம் மாமா ஆறு இடத்தில் நின்றார். ஆறாவது இடத்தில், "எழுதிக்கோம்மா, நான் ஒண்ணும் வேடிக்கை பாக்கல" என்றார்.

சம்மதிக்காத நான்கு பேரில் பெரியப்பா ஒருவர். அக்டோபரில் நான் சொன்னதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. பொங்கலன்று காலில் விழுந்தேன். ஆசீர்வாதம் செய்தார். கையால் மட்டும். பெரியம்மா என் தட்டில் இரண்டு வடை கூடுதலாக வைத்தார்.

சுரங்கத்தை அடுத்த மாதம் மூடுகிறார்கள் என்கிறார்கள். உறுதியாகத்தான் சொல்கிறார்கள்.

பரணி

*

கோயம்புத்தூர்,
6-3-2001

பரணிக் கண்ணுக்கு, நான் சுகம்.

அறக்கட்டளையின் கடிதம் நேற்று வந்தது. நம் ஆய்வை ஏற்றுக்கொண்டார்கள். இருநூறு குடும்பங்கள், பதினெட்டு மாதம், எல்லாருக்கும் கோலாரில் எக்ஸ்ரே. முன்னோட்டத்தை எப்படி யோசித்தீர்கள் என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

அதே தபாலில் உன் அப்பா கடிதமும் வந்தது. சுரங்கம் மூடியாயிற்று, வாசலில் பெண்கள் அழுதார்கள் என்று. ஒரு கையில் அதுவும் ஒரு கையில் இதுவுமாக உட்கார்ந்திருந்தேன்.

சம்மதத் தாளின் ஆங்கிலப் பிரதியை அனுப்பியிருக்கிறேன். தமிழில் நீ எழுதிவிடு, உன்னைவிடத் தெளிவாக யாரும் எழுதமாட்டார்கள். தெரசா இந்த மாதமே தொடங்கட்டும். ஏப்ரலில் வருகிறேன்.

பெரிய அண்ணன் பேசினாரா?

அத்தை

*

தங்கவயல்,
18-3-2001

அன்புள்ள அத்தைக்கு, அப்பா, அம்மா சுகம். பெரியப்பாவுக்கு இருமல் அதிகம், மூச்சு வாங்குகிறது, இரவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். இதை அவரே எழுதச் சொன்னார்.

இன்று டிஸ்பென்சரியில் ஆய்வு தொடங்கிய முதல் ஞாயிறு. நானும் தெரசா சிஸ்டரும் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். மேட்டிலிருந்து இறங்கி வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு சமமாகும்வரை யாரையும் நலம் விசாரிக்கவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "பேனா எடு."

எடுத்தேன். சம்மதத் தாளைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எக்ஸ்ரே படத்தின் நகல் அவருக்கும் தரப்படும் என்றபோது தலையாட்டினார். 'உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது, பெயருக்குப் பதில் ஓர் எண் குறிக்கப்படும்' என்று படித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னா நம்பர்?"

"ஒண்ணு, பெரியப்பா. நீங்கதான் முதல்ல வந்தீங்க."

"வேணாம். பேரு போடு."

தெரசா சிஸ்டர், "அது ரூல், அண்ணே. உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு யாராவது பாத்து எதுனா சொன்னா?" என்றார்.

"யாரு சொல்றது? கேட்டுக்கே பூட்டு போட்டுட்டாங்க. இனிமே என்னை யாரு அன்ஃபிட் ஆக்குறது?" பெரியப்பா இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "முப்பத்தோரு வருஷம் நம்பராத்தான் இருந்தேன். கீழ எறங்குற கேஜ்ல ஏறும்போது டோக்கன் நம்பர், மேல வந்தா டோக்கன் நம்பர். டாக்டர் கூப்பிடுறதும் நம்பர்தான். இருமல் இல்லன்னு சொன்னதெல்லாம் அந்த நம்பர், சிஸ்டர். அது பொய் சொல்லிச்சு. இப்ப சொல்றது ஏகநாதன். ஏகநாதன்னு எழுது."

அதற்குள் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். சின்னசாமி மாமா, "அப்ப எனக்கும் பேருதான். அவனுக்கு மட்டும் இன்னா தனியா?" என்றார். சகாயம் மாமா தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து எழுதச் சொன்னார்; அவரும் டிரில்லிங்கில் இருந்து இறந்தவராம். மத்தியானத்துக்குள் பதினொரு பேர். பதினொரு பேரும் அதையே கேட்டார்கள். தெரசா சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு விதி தெரியாது, அத்தை. பெயரை மறைப்பது அவர்களைக் காப்பாற்றத்தான் என்று புரிகிறது. ஆனால் ஒருவர் தானே விரும்பிக் கேட்டால் பெயரைப் போட இடம் உண்டா என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்பீர்களா? அக்டோபரில் உங்கள் தாளை நீங்கள் மாற்றவில்லையா? அவர்களும் ஒரு வரியை மாற்றலாம் அல்லவா?

அவர்கள் பதில் வரும்வரை பதினொரு தாளிலும் எண் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பெரியப்பாவின் தாளில் மட்டும் முடியவில்லை. நான் பார்ப்பதற்குள் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல், அவரே எழுதிவிட்டார்.

பிரியமுள்ள,
பரணி